தம்பி கம்பெடுத்தான்!

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் காபியைக் குடித்ததும் கிளம்பப் பார்க்கிறார்கள். காரணம் நான்தான். நலம் விசாரித்து முடிப்பதற்குள் பேச்சைச் சிலம்பத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். கல்யாணப் பந்தி, ரேஷன் கடை வரிசை, பல் டாக்டர் கிளினிக் என்று இடம் பொருள் ஏவல் எதுவும் பார்ப்பதில்லை. ‘ஆரம்பிச்சுட்டாளா?’ என்று என் வீட்டுக்காரர் மெல்ல நழுவிவிடுவார். நழுவட்டும். என் தம்பி கம்பு சுற்றுகிறான். இதை ஊருக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வதாம்?

தம்பிக்கு 23 வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு; சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று வார்த்தைகளில் முடித்துக்கொள்வான். நல்ல உயரம், அப்பாவைப் போல அகன்ற தோள். கம்பெடுப்பதற்கு முன்பெல்லாம் அந்தத் தோள் கதவு நிலையில் இடிக்காத நாள் கிடையாது. கேட்டைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். டம்ளரை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தால் நசுங்கிவிடுமோ என்று இருக்கும். அதே கையில் பேனா நிற்காமல் நழுவும். மாடிப்படி இறங்கும்போது படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கீழே பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவான். முழங்காலில் சிராய்த்து ரத்தம் வழிந்தாலும் நாம் காட்டினால்தான் அவனுக்குத் தெரியும். ஆனால் சட்டைக் காலரில் இருக்கும் துணி லேபிள் உரசிவிட்டால் போதும், அன்றைக்கு வீடு அதகளம்தான். ‘இவ்வளவு வளத்தியா வளந்துட்டான், கவனம் மட்டும் வரலையே’ என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கவனத்துக்கு என்ன குறைச்சல்? ஒவ்வொரு படியையும் அவனளவுக்குக் கவனித்து இறங்குகிறவர் எங்கள் தெருவில் யாருமில்லை. நமக்கெல்லாம் கவனிக்காமலே கிடைக்கிற ஒன்று அவனுக்கு மங்கலாகக் கிடைக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

அது என்ன என்று தெரிய வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுவிட்டீர்கள் அல்லவா? விரல் எங்கே, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போனால் மூக்கில் குத்தாமல் நிற்கும் என்பதையெல்லாம் தசைகளுக்குள்ளும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கிற உணர்விகள் மூளைக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்த உணர்வுக்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று 1906-ல் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். பின்னால் 1932-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஐம்புலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம். இது அந்தக் கணக்கில் வராதது. உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள் தரும் சமநிலை உணர்வும், பசி, தாகம், சிறுநீர், நெஞ்சுத் துடிப்பு என்று உடம்புக்குள் நடப்பதைச் சொல்லும் உணர்வும் அப்படித்தான்.

இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயரின் கதையைக் கேட்டால் இதன் அருமை புரியும். 1971-ல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு அவருக்கு அடியோடு போய்விட்டது. தசைக்கு ஒன்றுமில்லை, வலு இருக்கிறது. ஆனால் கை எங்கே கால் எங்கே என்று தெரியாது. பிறகு ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இயக்கியே மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் நிற்க முடியாமல் விழுந்துவிடுவார். என் தம்பிக்கு அவ்வளவு இல்லை. ஆனால் அவன் படியைப் பார்த்துப் பார்த்து இறங்கியதன் காரணம் எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

ஆட்டிசத்தை ஆரம்பத்தில் விவரித்தவர்களில் இருவர் பெயர் பிரபலம். லியோ கேனர், 1943. ஹான்ஸ் ஆஸ்பெர்கர், 1944. தான் பார்த்த பிள்ளைகளின் உடலசைவில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது என்று ஆஸ்பெர்கர் அப்போதே எழுதிவைத்தார். புலன்கள் தரும் சேதியை அளவுக்கு மீறியோ அளவுக்குக் குறைந்தோ உணர்வதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்ததே 2013-ல்தான். உடலசைவுக்கு இன்றும் அந்தப் பட்டியலின் நடுவில் இடமில்லை. பேச்சு வந்ததா, கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதைக் கேட்கிறானா என்று எல்லோரும் கழுத்துக்கு மேலேயே நின்றுவிடுகிறார்கள்.

அதிலும் 18 தாண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி இலவசக் கல்வி 18 வயது வரைதான். தெரபி மையங்களோ அதற்கு முன்பே கையை விரித்துவிடும். ஒரு மையத்தில் தம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இவர் உக்கார்ந்தா ஊஞ்சல் தாங்காதும்மா” என்றார்கள். நியாயம்தான், அந்த ஊஞ்சல் ஐந்து வயதுக் குழந்தைக்கானது. பந்துத் தொட்டி, குட்டிச் சறுக்கு, சுவரில் டோராவும் புஜ்ஜியும். இதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. பதின்வயதில் கை கால் சடசடவென்று நீள்கிறது. தன் உடம்பு எது வரைக்கும் என்ற கணக்கைப் பிள்ளை புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. அந்த வயதில் போய் எல்லாக் கதவையும் சாத்தினால்? போதாக்குறைக்கு, கோபத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகளில் சில பசியைக் கிளப்பி எடையை ஏற்றிவிடுகின்றன.

சரி, என் புராணத்துக்கு வருகிறேன்.

ஞாயிறுதோறும் விடிகாலையில் பாளையங்கோட்டையிலிருந்து தம்பியை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரைக்குப் போகிறேன். கல் மண்டபம், இரண்டு மருத மரம், கொஞ்சம் மணல். பெயர்ப்பலகை இல்லாத வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் பள்ளி வயது தாண்டிய பையன்கள், பெண்கள். கூடவே யாராவது ஒரு வீட்டாள். சொல்லிக்கொடுப்பவர் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு சிலம்ப ஆசான். ஆட்டிசம் என்ற சொல்லே அவருக்கு இந்த வகுப்பில்தான் அறிமுகம். பக்கத்தில் ஓ.டி. மேடம், அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்த ஜோடியைச் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு கோயில் கட்டலாம்!

போனதும் கம்பைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் சுமை. பாதி மணல் நிரப்பிய சாக்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, படித்துறையிலிருந்து மருத மரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். பிறகு மண்டபத்துத் தூணை இரண்டு கையாலும் தள்ளுவது. ‘மண்டபத்த அந்தப் பக்கம் நகத்திருங்கய்யா’ என்பார் ஆசான். தம்பி உண்மையாகவே தள்ளுவான்; கெண்டைக்கால் நரம்பு புடைக்கும். அடுத்தது, பிடித்தவர்களுக்கு மட்டும், ஜமுக்காளத்தில் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு மணலில் உருள்வது. பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு. பாரம் தூக்கும்போதும் தள்ளும்போதும் உடம்பு அழுத்தப்படும்போதும் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள் உரக்கப் பேசுகின்றன, மங்கலாக இருந்தது துலங்குகிறது என்பது ஓ.டி. மேடத்தின் விளக்கம். இந்த வழியைத் திறந்துவைத்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவருடைய முதல் பெரிய நூல் 1972-ல் வந்தது. டெம்பிள் கிராண்டினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டிசம் உள்ளவர், பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியர். அரிசோனாவில் அத்தையின் பண்ணையில் மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் போனதும் அவை அமைதியாவதைக் கவனித்து, 18 வயதில் தனக்கே அப்படி ஓர் அழுத்தும் பெட்டியைச் செய்துகொண்டார். எங்கள் ஆற்றங்கரையில் அந்த வேலையை ஜமுக்காளம் செய்கிறது. வீட்டுக்கு வந்தும் தம்பி இப்போது தானே எடுத்து விரித்துக்கொள்கிறான். அம்மாவுக்குத் துவைக்கிற வேலை.

அப்புறம்தான் கம்பு. அவரவர் நெற்றி உயரத்துக்கு நறுக்கிய பிரம்பு. சலாம் வரிசையில் தொடங்கி, கால்வரிசைக்கு வருவார்கள். ஆசான் சுண்ணாம்புப் பொடியால் மணலில் கட்டம் போடுவார். எந்தக் கால் எந்தக் கட்டத்துக்குப் போய் எங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு கணக்கு. வெறுங்கால்தான், செருப்புக்கு இடமில்லை. தம்பி முதலில் குனிந்து கட்டத்தையே பார்த்துக்கொண்டு கால் வைத்தான். பார்த்துப் பார்த்துப் படி இறங்குவானே, அதே மாதிரி. கொஞ்ச காலம் போனதும் ஆசான் வாராவாரம் கட்டத்தின் ஒரு கோட்டை மட்டும் காலால் அழிக்கத் தொடங்கினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடு குறையக் குறைய தம்பியின் முகம் நிமிர்ந்தது. கடைசியில் மணலில் ஒன்றுமே இல்லை, கண் எதிரே ஆற்றில், கால் மட்டும் அதன் கணக்கில் போகிறது! நான் போட்ட சத்தத்தில் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கம்பு வீசக் கற்றுக்கொடுப்பதில்தான் ஆசானின் வித்தை இருக்கிறது. எதிரே நின்று செய்து காட்டி ‘இப்படிப் பண்ணு’ என்றால் தம்பிக்கு ஏறவில்லை. ஆசான் இரண்டு தரம் பார்த்தார். பிறகு பின்னால் வந்து நின்று, “எய்யா, கையப் புடிக்கட்டா?” என்று கேட்டார். தம்பி யோசித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினான். அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் வீச்சையே அவன் கையில் ஓட்டினார். மேலே, குறுக்கே, முதுகுப் பக்கம், திரும்ப முன்னால்.

“கண்ணுக்குச் சொன்னது கைக்குப் போய்ச் சேரல. அதான் கைக்கே சொல்லிட்டேன்” என்றார் என்னிடம். 

ஓ.டி. மேடம் அன்றைக்குத் துள்ளாத குறைதான். காரணம், 2009-ல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. பிள்ளைகளை ஓர் எந்திரக் கைப்பிடியைப் பிடித்து நகர்த்தப் பழக்கினார்கள். பழகிய அசைவை மூளை எதைக்கொண்டு பதிந்துவைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கண்ணில் தெரிவதைவிடத் தன் மூட்டும் தசையும் சொல்வதையே அதிகம் சார்ந்து கற்றார்கள். அப்படியானால் எதிரே நின்று செய்து காட்டுவதும் ‘என்னைப் பாரு, என்னைப் பாரு’ என்று முகத்தைத் திருப்புவதும் எந்த வாசலில் போய்த் தட்டுகின்றன என்று யோசியுங்கள். ஆசான் இந்தக் கட்டுரையைப் படித்தவரில்லை. அவருடைய ஆசான் அவருக்கு அப்படித்தான் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாராம்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. பிரம்பு சரியான வேகத்தில் சுழன்றால் காற்றைக் கிழித்துக்கொண்டு ‘விர்ர்’ என்று ஒரு நாதம் வரும். விசை குறைந்தால் சத்தம் வராது. மணிக்கட்டை இறுக்கிக்கொண்டால் திக்கித் திக்கி வரும். எவ்வளவு பலம் போட வேண்டும் என்ற கேள்விக்கு, வாழ்நாள் முழுக்க ‘மெதுவா, மெதுவா’ என்ற அதட்டலை மட்டுமே பதிலாகக் கேட்டு வளர்ந்தவன் தம்பி. கம்பு அதட்டுவதில்லை. அவன் கேட்டுக் கேட்டுத் தன் கையைத் தானே திருத்திக்கொண்டான். அந்த ‘விர்ர்’ முதன்முதலாக வந்தபோது நின்றுவிட்டான். கம்பைப் பார்த்தான். திரும்பச் சுற்றினான். மறுபடி வந்தது. சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு! அன்று முழுக்க மொட்டைமாடியில் ‘விர்ர்’தான். வடகம் காயப்போட முடியவில்லை.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், கல்லூரி வயது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அப்படியே நின்று சுற்றுவாள், கையை உதறுவாள். மற்ற இடங்களில் ‘கையைக் கீழே போடு’ என்பார்கள். இங்கே யாரும் தடுப்பதில்லை. சுற்றி முடித்துவிட்டு அவளே கம்பை எடுத்துக்கொள்கிறாள். பெங்களூரில் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயா என்ற ஆட்டிசம் உள்ள எழுத்தாளர், சிறுவயதில் தன் உடம்பைத் துண்டு துண்டாகவே உணர்ந்ததையும், அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்க்கவே சுற்றியதையும் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தைப் படித்தபின் சுற்றுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்த எனக்கு மனம் வராது. இரானில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், கராத்தேயின் ‘கட்டா’ வரிசைகளை 14 வாரம் பழகிய பிள்ளைகளிடம் இத்தகைய திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்ததாகக் கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனாலும் குறைப்பதற்காகக் கம்பைக் கொடுக்காதீர்கள். தேவை குறைந்தால் அது தானாகக் குறையும். குறையாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

வகுப்பு முடிந்ததும் ஆறு. ஐயோ, அந்த ஆறு! இடுப்பளவுத் தண்ணீரில், ஓட்டத்தை எதிர்த்துப் பத்துப் பதினைந்து அடி நடந்து, திரும்பி அதன் போக்கிலேயே வருவது. உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதற்குத் தண்ணீரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? எதிர்த்து நடக்கும்போது தொடையும் இடுப்பும் வேலை செய்கின்றன, கூழாங்கல் உள்ளங்காலைக் குத்திக்கொண்டே இருக்கிறது. தம்பி தண்ணீரில் நிற்கிற மாதிரி தரையில் நின்று நான் பார்த்ததில்லை. தோள் இறங்கி, மூச்சு நீண்டு, நிதானமாக நிற்பான். ஜியா ராய் ஞாபகம் வருகிறது. ஆட்டிசம் உள்ள மும்பைப் பெண். 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை 13 மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கடந்தாளே, அவள்தான். எங்களுக்கு அவ்வளவு ஆசையில்லை. இடுப்பளவு போதும். ஒன்று மட்டும் கண்டிப்பு: தண்ணீரின் ஈர்ப்பு இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், ஆபத்தும் அதிகம். ஓர் ஆளுக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. ஆற்றில் தண்ணீர் வரத்து கூடினால் அன்று கரையோடு சரி.

வீட்டில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். முதலில் சொல்ல வேண்டியது ஸ்கூட்டர். முன்பெல்லாம் நான் இடது பக்கம் திரும்பினால் பின்னால் தம்பி வலது பக்கம் சாய்வான். வண்ணாரப்பேட்டைத் திருப்பத்தில் உயிர் போய் உயிர் வரும். இப்போது என்னோடு சேர்ந்து சாய்கிறான். சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு கால். கேட் சாத்தும் சத்தம் தெருவுக்குக் கேட்பதில்லை. போன மாதம் ஒரு நாள் என்னிடம் வந்து காலை நீட்டி, “அக்கா, குத்துது” என்றான். பார்த்தால் குதிகாலில் ஒரு கருவேல முள். ரத்தம்கூட வரவில்லை, முள் குத்தியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது! முள்ளை எடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு அந்த முள்ளைக் காகிதத்தில் மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். நான்தான் இந்த வீட்டில் அதிகப்படி என்று நினைத்திருந்தேன்.

ஆட்டிசம் போய்விட்டதா? போகவில்லை, போவதற்காக நாங்கள் போகவும் இல்லை. லேபிள் உரசினால் இன்றும் அதகளம்தான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான். பேச்சு கூடியிருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். கம்பைப் பற்றிப் பேச வந்தால் பேச்சைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? சில ஞாயிறுகளில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டான். ஆசான் வற்புறுத்துவதில்லை. ‘இன்னைக்குக் கம்புக்கு லீவு’ என்று அவனருகில் தானும் உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் வீட்டிலும் வளர்ந்த பிள்ளை இருந்தால், நாளைக்கே ஒரு சிலம்ப ஆசானைத் தேடிப் போங்கள். தமிழ்நாட்டில் இதற்கா பஞ்சம்? கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் 2024 ஜனவரியில் இங்கே நடந்தபோது சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக மேடையேறியது. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் வகுப்புகள். ஆசானிடம் பிள்ளையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். போகுமுன் டாக்டரைக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பதின்வயதில் வலிப்பு தலைகாட்டுவது அரிதல்ல, அப்படி இருந்தால் கம்பையும் ஆற்றையும் அவர் சொல்கிறபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஓர் ஓ.டி.யைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொடுமுன் கேட்பார்களா என்று பாருங்கள். கேட்காமல் கையைப் பிடிக்கிற ஆள், எவ்வளவு பெரிய வித்தைக்காரர் ஆனாலும் வேண்டாம்.

ஆசான்மாரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மணி நேரம், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். விசில் ஊத வேண்டாம், மைக் வேண்டாம். நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கம்பு சுழற்ற வேண்டாம். கம்பு நெற்றி உயரத்துக்கு இருக்கட்டும், முனையில் துணி சுற்றியிருக்கட்டும். மற்றதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.